பட்டுடுச்சு சார்

முப்பது வருஷம் நன்னடத்தை அலுவலராக இருந்தேன். குடவாசல் கடைத்தெருவில் எனக்குப் பெயர் ‘ஜெயில் சார்’. ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் வெளியிலேயே வைத்துத் திருத்த முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை என்பதை, ஓய்வு பெறும் நாள்வரை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. போன மாதம் இந்த வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பேர், ஒரு தம்பியும் ஒரு பெண்ணும், வீட்டுக்கு வந்திருந்தார்கள். “குற்றம் செய்யறவங்க மனசு எப்படி சார் வேலை செய்யுது?” என்று கேட்டார்கள். காபி ஆறிப்போகும்வரை பேசினேன். கிளம்பும்போது அந்தப் பெண், “இதையெல்லாம் எழுதிக் குடுங்க சார்” என்றது. எழுதிவிட்டேன். நம்பர் போட்டிருப்பது பழக்கதோஷம், ரிப்போர்ட் எழுதிய கை.

1. முதலில் வினைச்சொல்லைக் கேளுங்கள். சட்டப்பிரிவு அப்புறம். எப்படியும் 2024 ஜூலையில் நம்பரெல்லாம் மாறிவிட்டது.

எதிரில் உட்கார்ந்திருப்பவன் என்ன சொல்கிறான்? “கை நீண்டுடுச்சு.” “வார்த்தை முத்திப்போச்சு.” “அடி விழுந்துடுச்சு.” பொருளை எடுத்தவன் “எடுத்துட்டேன்” என்பான். ‘திருடினேன்’ என்று என்னிடம் சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தமிழ் இந்த விஷயத்தில் ரொம்ப வசதியான மொழி. ‘வெட்டினான்’ என்றால் வெட்டியவன் ஒருவன் நிற்க வேண்டும். ‘வெட்டு விழுந்தது’ என்றால் தென்னையிலிருந்து மட்டை விழுந்த மாதிரி, யாரும் பொறுப்பில்லை. எழுவாய் எங்கே என்று இலக்கண வாத்தியார் கேட்பாரே, நாம் கேட்க வேண்டியதும் அதுதான்.

ஒரு பையன், பத்தொன்பது வயது. சோழசூடாமணி ஆற்றுப் பாசனத்தில் ஒன்றரை மா நிலம். அப்பா செத்து இரண்டு வருஷம். பக்கத்து நிலம் சித்தப்பாவுடையது. சம்பா நடவுக்குத் தண்ணீர் விடும் நேரத்தில் வாமடையைச் சித்தப்பா அடைத்துவிட்டார் என்று தகராறு. சித்தப்பாவுக்கு முழங்கைக்குக் கீழே ஏழு தையல். குற்றம் உறுதியாகி, தண்டனை சொல்வதற்கு முன்னால் கோர்ட்டு என்னிடம் அறிக்கை கேட்டது. 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தில் 4-ஆவது பிரிவின் கீழ் பாண்டு எழுதி வாங்கி விடலாமா என்பது கேள்வி. இருபத்தொரு வயதுக்குக் கீழ் என்பதால் 6-ஆவது பிரிவும் அவன் பக்கம் இருந்தது.

“என்ன தம்பி நடந்தது?”

“பேசிக்கிட்டே இருந்தோம் சார். தள்ளுமுள்ளு ஆச்சு. அருவா பட்டுடுச்சு சார்.”

2. வழியை நடந்து பாருங்கள். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து இதெல்லாம் வராது.

அவனைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். வாமடை இங்கே, சித்தப்பா நின்றது இங்கே. சரி, அரிவாள் எங்கே இருந்தது? பையன் தலை குனிந்தான். வீட்டில் இருந்தது. கொட்டகைக் கீற்றில் சொருகி. அப்படியானால் நீ வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாய். வா, போவோம். வரப்பில் நடந்து, மதகைத் தாண்டி, மாரியம்மன் கோயில் பக்கமாகத் தெருவுக்குள் போனோம். என் கடிகாரத்தில் எட்டு நிமிஷம். திரும்பி வர எட்டு. ஆக பதினாறு நிமிஷம் அவன் ‘பட்டுடுச்சு’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தது.

அந்தப் பதினாறு நிமிஷத்தில் மனசுக்குள் என்ன ஓடியது என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இன்னொரு தடவை நடந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மதகு வரைக்கும்: ‘எங்கப்பன் இல்லன்னுதானே இந்த ஆட்டம் ஆடுறான்.’ கோயில் தாண்டியபோது: ‘இன்னிக்கு விட்டா நாளைக்கு வீட்டுக்குள்ளயே வந்து நிப்பான்.’ தெருமுனையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும்: ‘இவனுவோ சிரிப்பானுவோ.’ அவர்கள் அவனைப் பார்க்கவே இல்லையாம், சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம். வாமடை அடைத்தது ஒரு வேளைத் தண்ணீர் விவகாரம். தெருமுனைக்கு வருவதற்குள் அது பரம்பரை மானமாகிவிட்டது.

கொட்டகையில் அரிவாளை உருவும்போது அம்மா பார்த்திருக்கிறாள். “எங்கடா போற?” என்று கேட்டிருக்கிறாள்.

“நீ என்ன சொன்ன?”

“சும்மான்னேன் சார்.”

சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான். அம்மாவிடம் பொய் சொல்லத் தெரிந்திருக்கிறதென்றால் போகிற காரியம் என்னவென்று தெரிந்திருக்கிறது. நான் அதை அவனுக்கு விளக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், விளக்கத் தேவையிருக்கவில்லை. மூன்றாவது தடவை வயலுக்குத் திரும்பும்போது, “வெட்டினேன் சார்” என்றான்.

உங்கள் வேலையில் பாதி அந்தச் ‘சும்மா’வைக் கண்டுபிடிப்பதுதான். ஒவ்வொரு கேஸிலும் எங்கேயாவது ஒன்று இருக்கும்.

3. வாதம் பண்ணாதீர்கள். “சித்தப்பா அடைச்சது தப்புதானே சார்?” என்றால், தப்புதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்குப் போங்கள். உபதேசம் ஆரம்பித்த நிமிஷமே அவன் கையைக் கட்டிக்கொண்டு “ஆமாங்க சார்” போட ஆரம்பித்துவிடுவான். அந்த “ஆமாங்க”வில் ஒரு சல்லிக்காசும் இல்லை.

4. ஒரு காரியத்துக்கு ஊர் என்ன பெயர் வைத்திருக்கிறது என்று பாருங்கள். தனியாளாக யாரும் காரணம் கண்டுபிடிப்பதில்லை. கடையில் துணி எடுக்கிற மாதிரி, ஏற்கனவே தொங்குவதில் தன் அளவுக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறான். லஞ்சத்துக்கு ‘மாமூல்’ என்று பெயர். வழக்கம் என்று அர்த்தம். வழக்கத்தை யார் குற்றம் என்பார்கள்?

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம், நம் திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர். 1976-இல் அங்கே இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயில் பக்கத்தில் மண்ணைத் தோண்டிய ஒரு கூலித்தொழிலாளியின் கருவி உலோகத்தில் இடித்தது. சோழர் காலத்து நடராஜர். கூடவே வேறு திருமேனிகள். அதைத் தகவல் சொல்லாமல் விற்றார்கள். கை மாறி மாறி, லண்டன் போய், 1982-இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியது. பழுது பார்க்கக் கொடுத்திருந்த இடத்தில் லண்டன் போலீஸ் பிடித்தது. வழக்கு நடந்தது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் பத்தூரில் கிடைத்த மற்ற திருமேனிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இடிந்து கிடந்தாலும் கோயில் கோயில்தான், அது தன் சொத்தைக் கேட்கலாம் என்று 1988-இல் லண்டன் கோர்ட்டு சொன்னது. 1991-இல் அப்பீலிலும் அதுவே நின்றது. சாமி திரும்பி வந்தார்.

சட்டம் படித்தவர்கள் இதில் கோயில் வழக்காடியதைத்தான் பேசுவார்கள். நான் அந்தச் சங்கிலியைப் பார்க்கிறேன். அவரவர் மனசுக்குள் போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை, ஆனால் இந்த மாதிரி கேஸ்களில் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கண்ணியும் என்ன சொல்லும் என்று தெரியும். தோண்டியவன், ‘புதையல்’ என்பான். மண்ணுக்குள் கிடந்தது, யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை. தரகன், ‘நான் வாங்கலன்னா இன்னொருத்தன் வாங்கியிருப்பான்.’ கடல் தாண்டி விற்பவன், ‘அங்கே கிடந்தால் கரையான் அரிக்கும், நான் காப்பாற்றுகிறேன்.’ கடைசியில் வாங்குபவன், ‘காகிதம் சரியாக இருந்தது.’ பத்தூர் சிலைக்கும் பொய்யான பூர்வீகக் கதை ஒன்று கூடவே விற்கப்பட்டிருந்தது. அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியபோதும் காகிதம் இருந்தது. 2014-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதை விற்ற சுபாஷ் கபூருக்கு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கு ஒன்றில் 2022 நவம்பரில் கும்பகோணம் கோர்ட்டு பத்து வருஷம் கொடுத்தது.

மீட்டு வந்த சாமிகள் பலரும் இன்று திருவாரூர் கோயிலில் கம்பிக்கதவுக்குப் பின்னால் பாதுகாப்பு மையத்தில் இருக்கிறார்கள். திருடினவன் வெளியே, சாமி உள்ளே என்று என் மனைவி சொல்வாள். அது கிடக்கட்டும். சங்கிலியில் கீழ்க்கண்ணிக்கும் மேல்கண்ணிக்கும் கோட்டு, படிப்பு, பணம் எல்லாம் வேறு. காரணம் மட்டும் ஒரே தறியில் நெய்தது.

5. புத்தகம் படியுங்கள், ஆனால் நம்பி விழாதீர்கள். அமெரிக்காவில் சைக்ஸ், மாட்சா என்று இரண்டு சமூகவியலாளர்கள் 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தப்பு செய்கிற பையன்களும் ஊரின் நியாயத்தை ஏற்றுக்கொண்டவர்கள்தான், அதை அந்த நேரத்துக்கு மட்டும் மடக்கி வைக்க ஐந்து வழி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். நான் பொறுப்பில்லை. யாருக்கும் நஷ்டமில்லை. அவனுக்கு அது வேண்டும். என்னைக் கேட்க நீ யார். என் கூட்டாளிகளுக்காகச் செய்தேன். இந்த ஐந்தையும் நான் நன்னிலம் பஸ்ஸில் ஒரே பயணத்தில் கேட்டிருக்கிறேன், டிக்கெட் எடுக்காதவனிடம்.

பிறகு யோகெல்சன் என்ற மனநல மருத்துவரும் சேமனோவ் என்ற உளவியலாளரும். வாஷிங்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் பல வருஷம் குற்றவாளிகளோடு உட்கார்ந்து பேசி, 1976-இல் முதல் தொகுதி வெளியிட்டார்கள். பத்தூரில் மண் தோண்டிய அதே வருஷம். ஐம்பத்திரண்டு சிந்தனைப் பிழைகள் என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலை நான் மறந்துவிட்டேன். அதில் ஒன்று மட்டும் என்னோடு தங்கிவிட்டது. தப்பு செய்யத் தடையாக மனசில் இருக்கும் பயம், பாசம், வெட்கம் எல்லாம் முதலில் மெள்ள மெள்ள அரிக்கப்படும், கடைசியில் ஒரே வெட்டாகத் துண்டிக்கப்படும் என்கிறார்கள். ஆற்றங்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடைப்பு எடுக்கும் ராத்திரியைத்தான் எல்லாரும் பேசுவார்கள். நண்டுவளை விழுந்து பத்து நாள் ஆகியிருக்கும். அந்தப் பையனின் பதினாறு நிமிஷமும் அப்படித்தான். ‘சும்மா’ என்றபோது கரை போய்விட்டது.

அவர்களை முழுசாக நம்பாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் வேறு கூட்டம் வைத்துக்கொள்ளவில்லை. குற்றத்துக்கு வறுமை காரணமில்லை, யோசனைதான் காரணம் என்று அடித்துப் பேசினார்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவன் காலடியில் தங்கத்துக்குச் சமமான பொருள் தட்டுப்பட்டால் அவன் மனசு ஓடுகிற ஓட்டத்துக்கும், லண்டன் வியாபாரியின் மனசு ஓடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காரணம் ஒன்று, அழுத்தம் வேறு. ரிப்போர்ட்டில் இரண்டையும் எழுத இடம் உண்டு.

6. “குடிச்சிருந்தேன் சார், ஒண்ணும் ஞாபகமில்ல.” சரி. குடிக்கப் போகும் முன்பு என்ன நினைத்தாய் என்று கேளுங்கள். பலர் தைரியத்துக்காகவே குடித்திருப்பார்கள். அப்போது பாட்டில் காரணமாக இருக்காது, கருவியாக இருக்கும்.

7. கூட்டமாக யோசிப்பவர்களைக் கண்டால் கூடுதலாகப் பயப்படுங்கள். தனி ஆள் எட்டு நிமிஷ நடையில் எங்கேயாவது தடுமாறுவான். கூட்டத்தில் ஒருவன் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவன் தோளைப் பிடித்துக்கொள்கிறான்.

1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணி. அப்போது எல்லாம் ஒரே தஞ்சாவூர் மாவட்டம். கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் விவகாரம். ஒரு குடிசைக்குள் ஒளிந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். நிலக்காரர்கள் அதற்கு முன்பே தங்களுக்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பெயர், நெல் உற்பத்தியாளர் சங்கம். அந்தப் பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நாற்றுப் பறித்தவளும் நட்டவளும் அறுத்தவளும் அந்தப் பெயருக்குள் இல்லை. நெல்லை உற்பத்தி செய்வது நாங்கள், கூலி கூடக் கேட்பவர்கள் எங்கள் பொருளைப் பறிக்க வருபவர்கள். அப்படி ஒரு பெயருக்குள் வருஷக்கணக்கில் குடியிருந்தால், கட்டிக்கொள்ளத் துணியில்லாதவனால் தனக்கு ஆபத்து என்று நம்புவது சுலபம். தீக்குச்சி கிழிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அரிப்பு தொடங்கிவிட்டது.

வழக்கில் கீழ்க்கோர்ட்டு தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற பொருளில் தீர்ப்பில் வந்தது. கோணல் யோசனை என்பது குற்றவாளிக் கூண்டுக்குள் மட்டும் அடைபட்டுக் கிடக்கிற சரக்கு என்று நினைக்கிறவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

8. ஆகவே உங்கள் தலைக்குள்ளும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

சர்க்காரே ஒரு காலத்தில் இப்படி யோசித்திருக்கிறது. 1871-இல் கொண்டுவந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்றது. ஆண்களை ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வைத்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல் எடுத்தார்கள், நாடு முழுக்க 1952-இல். சட்டம் போனது. எனக்கு வேலை கிடைத்தபோது அந்த யோசனை என் ஆபீஸ் பையில் இருந்தது. சைக்கிள் திருடியதாக ஒரு பையன். அவன் இருந்த தெருவைக் கேட்டதுமே நான் பாதி ரிப்போர்ட்டை மனசில் எழுதிவிட்டேன். மூன்று பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். மூவரும் அந்தத் தெருவைப் பற்றிச் சொன்னார்கள், அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘சேர்க்கை சரியில்லை’ என்று எழுதினேன். அவனோடு சேர்ந்தவர்கள் யாரென்று ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. பையன் உள்ளே போனான். எழுவாய் எங்கே என்று அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை.

நம் ஊருக்கே இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. குடவாசல்தான் பழைய குடவாயில். சோழன் செங்கணானிடம் போரில் பிடிபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான் என்று புறநானூற்று 74-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை, பிறகு வந்தது, கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் செத்தான். எல்லாரும் அந்த ராஜாவின் மானத்தைப் பேசுகிறார்கள். நான் அந்தக் காவல்காரனை நினைக்கிறேன். கொடுக்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ‘கைதிதானே, அப்புறம் கொடுத்துக்கலாம்’ என்று இருந்திருப்பான். அதே செங்கணான் கட்டியதாகச் சொல்லும் கோணேஸ்வரர் மாடக்கோயிலுக்குப் பின்னால்தான் என் வீடு. சாயங்காலம் படியேறும்போது சில நாள் அவன் ஞாபகம் வரும்.

9. அம்மாக்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டின் அடித்தளமாக வைக்காதீர்கள். “எம்புள்ள எறும்புக்குக்கூடத் தீங்கு நெனைக்க மாட்டான்” என்று சொல்லாத அம்மாவை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அவள் சொன்னது: “அவன் புத்தி அப்படித்தான் சார், ரெண்டு வருஷம் பாத்துக்குங்க, நான் சோறு போடுறேன்.” அந்த வீட்டில் சிபாரிசு எழுத ஐந்து நிமிஷம் ஆயிற்று.

10. பாண்டு மூன்று வருஷம் வரைக்கும் போகலாம், கண்காணிப்பு உத்தரவு ஒரு வருஷத்துக்குக் குறையாது. அந்த ஒரு வருஷத்தில் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து ‘ஒழுங்கா இருக்கியா’ என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவது சுலபம். அதற்குப் பதில் மாதம் ஒரு சம்பவம் கேளுங்கள்: இந்த மாசம் கோபம் வந்தது எப்போது, அப்போது உனக்கு நீயே என்ன சொல்லிக்கொண்டாய். வாமடைப் பையன் நாலாவது மாதத்தில், “தெருமுனையில உக்காந்திருக்கவங்க என்னைப் பாக்கிறதே இல்ல சார், நானாத்தான் நெனச்சுக்கிறேன்” என்றான். ஒரு காதுகுத்தில் சித்தப்பாவிடம் போய், “நான்தான் வெட்டினேன்” என்று சொன்னானாம். அவர், “சரி, சாப்ட்டியா?” என்றாராம். அவ்வளவுதான் நடந்தது. தண்ணீர்த் தகராறு இன்னும் தீரவில்லை.

11. கடைசியாக, நம் பாஷையைக் கற்றுக்கொண்டு வருபவன். இவனை எந்தப் புத்தகமும் எனக்கு முன்கூட்டிக் காட்டவில்லை.

பம்புசெட் மோட்டாரில் காப்பர் ஒயர் அறுத்து விற்ற ஒருவன், இருபத்தாறு வயது. முதல் சந்திப்பிலேயே, “நான்தான் சார் திருடினேன், யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்” என்றான். எழுவாய், பயனிலை எல்லாம் இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நஷ்டப்பட்ட விவசாயிக்கு எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் போனது என்று நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான். கண் கலங்கியது. வழியை நடந்து பார்க்க நான் கூப்பிடவில்லை, எல்லாம்தான் சொல்லிவிட்டானே. மூன்று பக்கத்துக்குச் சிபாரிசு எழுதினேன். கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. ஏழாவது மாதம் வலங்கைமான் பக்கத்தில் இன்னொரு மோட்டார்.

பிறகு யோசித்துப் பார்த்தபோது முதல் நாளே ஒன்று நடந்திருந்தது. பேசி முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

“சார், ‘மனம் வருந்துகிறார்’னு போட்டுட்டீங்கல்ல?”